பின்மேசைப் பேச்சு

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறான் என்பதை நான் ஒரு சினிமாத் தியேட்டரில் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் அம்மா. சுற்றிலும் தியேட்டர் நிறைய ஆட்கள். பட்டப்பகல் காட்சி. அவன் அங்கே இல்லை, அவன் குரல் மட்டும் படத்துக்குள் இருந்தது. இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் கொஞ்சம் முன்னால் போய் ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர், ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவனை நெட்டை என்று கூப்பிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னொருத்தி கணக்கு. பரீட்சைக்கு முந்தின நாள் அவள் காலில் விழுந்துதான் வகுப்பில் பாதிப் பேர் பாஸ் செய்தோம். நான் சங்கு. எனக்கு மெதுவாகப் பேச வராது, சிரித்தால் அடுத்த தெரு வரை கேட்கும். பட்டம் வாங்கி வெளியே வந்தபோது எந்த வேலையும் எங்களை வா வா என்று கூப்பிடவில்லை. கணக்கு ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தாள். நெட்டை ஒரு பர்னிச்சர் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில், கடைசி வரி தெரிகிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் மூன்று பேரும் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குப் போவோம். சினிமாவில் வருகிற கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிற வேலை.

கதாநாயகனும் கதாநாயகியும் ஓட்டலில் உட்கார்ந்து பேசுகிற காட்சி என்று வையுங்கள். பின்மேசைகளில் இருக்கிறவர்கள் படம் பிடிக்கும்போது சும்மா வாயைத்தான் அசைப்பார்கள். அந்தச் சலசலப்பை அப்புறம் எங்களை வைத்துப் பதிவு செய்வார்கள். ஒரு அறை, நடுவில் ஒரு மைக், ஏழெட்டுப் பேர் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி நடப்போம். யார் பேச்சும் தனியாகத் தூக்கிக்கொண்டு தெரியக்கூடாது, யார் பேரும் வாயில் வரக்கூடாது, அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். விஷயமே இல்லாமல் ஐந்து நிமிஷம் விடாமல் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். மழை, பஸ், பல்வலி எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு வாயில் வருவது உண்மை மட்டும்தான்.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. வேறு எங்கேயும் சொல்ல முடியாததை அந்தச் சலசலப்புக்குள் சொல்லிவிடுவோம். "கூட்டத்துல போட்டுடு" என்பது எங்கள் பேச்சு. அது யாருக்கும் கேட்காது, படத்தில் வெறும் இரைச்சலாகக் கரைந்துவிடும், சொன்ன பாரமும் இறங்கிவிடும். நெட்டையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று நான் அவனிடம் சொன்னதே ஒரு ரயில் நிலையக் காட்சிக்காக மைக்கைச் சுற்றி நடக்கும்போதுதான். அவன் ஒரு சுற்று முழுக்கப் பேசாமல் நடந்தான், அப்புறம் "சரி" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டில் ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். அப்பா ஒருவழியாக இறங்கி வந்தார். மண்டபம் பேசியாகிவிட்டது, துணி எடுத்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

இப்போது படத்துக்கு வருகிறேன். கல்லூரி முடித்த நாலு நண்பர்களின் கதை. நட்பு, காதல், வேலை தேடுவது, ஆளுக்கொரு திசையாகப் பிரிவது. இதே கதையில் வருஷத்துக்கு அரை டஜன் படம் வருகிறது. எல்லாவற்றிலும் வேலையில்லாதவர்கள்தான் நல்ல சட்டை போட்டிருப்பார்கள். அந்த வயதில் எங்களுக்கு இருந்த ஒரே நல்ல சட்டை நேர்முகத் தேர்வுக்கென்று மடித்து வைத்தது. இருந்தாலும் நாங்கள் குரல் கொடுத்த படம், அதிலும் எங்கள் கதை மாதிரி ஒரு படம். வெளியாவதற்கு முன்னால் வேலை செய்தவர்களுக்காக ஒரு காட்சி போட்டார்கள், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். நான் அம்மாவைக் கூட்டிப்போனேன். கணக்கு தனியாக வந்து எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தாள். நெட்டைக்குக் கிடங்கில் சரக்கு எண்ணும் நாள், வரவில்லை.

படத்தின் பாதிக்கு மேல் ஒரு கேன்டீன் காட்சி. கதாநாயகனும் அவளும் பிரிந்துபோய், ரொம்ப நாள் கழித்துப் பழைய கல்லூரிக் கேன்டீனில் சந்திக்கிறார்கள். அவனுக்கு எதையோ சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை. டீ ஆறுகிறது. அந்த இடத்தில் வயலின் வரும் என்று பதிவு செய்த அன்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். வயலின் வரவில்லை. முதலில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்புறம் பின்மேசையிலிருந்து, தெள்ளத் தெளிவாக, நெட்டை பேசினான்.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலடி. அவங்க அப்பாவே ஒத்துக்கிட்டாரு. இனிமே போய் எப்படிச் சொல்றது."

"ஏன், அவளைப் பிடிக்கலையா?" இது கணக்கின் குரல்.

"பிடிக்கும். நல்லவ. பக்கத்துல இருந்தா பொழுது போறதே தெரியாது. ஆனா அவ இல்லாதப்போ எனக்குத் தேடவே இல்ல. அன்னிக்கு ஊருக்குப் போயிட்டு வந்து நின்னா. அவ போனதே எனக்கு ஞாபகம் இல்லடி."

"அவகிட்ட சொல்லு."

"சொன்னா உடைஞ்சு போயிடுவா."

"அப்போ கட்டிக்கோ. போகப் போகப் பழகிடும்."

உடனே பின்னால் ஒரு பெண் சிரித்தாள். பெரிய சிரிப்பு, அடக்கத் தெரியாத சிரிப்பு. அது நான்.

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது. முதலில் நான் நினைத்தது, காது அடைத்துப்போய் என்னவோ தப்பாகக் கேட்கிறது என்று. இல்லை. எல்லாம் சரியாகத்தான் கேட்டது. எனக்குப் பின் வரிசையில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினார். கதாநாயகன் வாயில் வராததைப் பின்மேசைக்காரன் சொல்லிவிட்டான் என்று தியேட்டரே அந்தப் பேச்சைக் கதையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டது. திரையில் டீ ஆறிக்கொண்டே இருந்தது.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே அறை, அதே மைக். மைக்குக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் நடக்க, இந்தப் பக்கம் நான், எங்களோடு குரல் கொடுக்க வருகிற டப்பிங் அக்காவோடு நடந்துகொண்டிருந்தேன். அக்கா தன் பூனை துவைக்கப் போட்ட துணிக்கூடையில் குட்டி போட்ட கதையைச் சொன்னார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். அங்கே என் வாழ்க்கையைப் பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள், நான் பூனைக்காகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன் வரிசையில் கணக்கு மெல்லத் தலையைத் திருப்பினாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் பேயறைந்தது போல் இருந்தது. என்னைப் பார்த்தாள், உடனே திரும்பிக்கொண்டாள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு போயிற்று. அம்மா அசையவில்லை. அப்பாடா, இவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நாலு நண்பர்களில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தால் டைரக்டரைச் சுற்றி ஒரே கும்பல். எங்களைவிட நாலைந்து வயது பெரியவர், முதல் படம், முகமெல்லாம் பல். சவுண்ட் எஞ்சினியர் அண்ணன் பக்கத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேன்டீன் சீன்ல வயலினைத் தூக்கிட்டேன். ரொம்ப வெறுமையா இருந்துச்சு. அண்ணன்தான் உங்க டிராக்கை எல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டு இதைப் பிடிச்சாரு. அந்தப் பின்மேசைப் பேச்சை யாரு எழுதினதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்."

"நடிப்பே இல்ல அதுல," என்றார் எஞ்சினியர் அண்ணன். "சும்மா பேசிக்கிட்ட மாதிரியே இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"ஒரே ஒரு குறை," என்றார் டைரக்டர். "கடைசியில ஒரு பொண்ணு சிரிக்குது. நல்ல இடத்துல வந்து கெடுக்குது. நாளைக்கு மூணு பேரும் வந்துடுங்க, சுத்தமா ஒண்ணு எடுத்துடலாம். அந்தத் தம்பியையும் வரச் சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன். எப்படித் தலையாட்டினேன் என்று தெரியவில்லை. கணக்கு என்னைத் தூணோரமாக இழுத்துப்போனாள்.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"துணி எடுக்க வந்தியேடி. இந்தக் கலர்தான் உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னியே."

"அவன் மாறிடுவான்னு நினைச்சேன்."

"நீ கணக்குல புலின்னு நினைச்சிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனேன். கோபத்தில்கூட எனக்குக் கிண்டல்தான் வருகிறது, அது என் பிறவிக் கோளாறு.

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தாள். பாதி வழி வரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே, "உனக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"எதும்மா?"

"என்கிட்ட நடிக்காதே."

இரண்டாவது தடவையாக எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் கேட்காமல் இருக்கும்? வாரத்துக்கு இரண்டு தடவை போனில் "சாப்பிட்டீங்களாம்மா" என்று விசாரிக்கிற குரல் அது. தியேட்டரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளே, புரியாமல் இல்லை, எல்லாம் புரிந்துதான்.

"கேக்காத மாதிரியே இருந்துடு," என்றாள் அம்மா. "நல்ல பையன். கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். தேடுது, தேடலன்னு எல்லாம் பார்த்தா ஊர்ல ஒரு கல்யாணம் நடக்காது. உங்க அப்பா என்னைத் தேடினதே இல்ல. நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?"

ரேஷனில் சர்க்கரை வந்துவிட்டது என்கிற மாதிரி அதைச் சொன்னாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அப்பா இரண்டு நாள் வெளியூர் போனால் அம்மா வாசல் பக்கம் பத்துத் தடவை போய் வருவாள். அந்தத் தேடலும் ஒரு பக்கத்துத் தேடல்தான் போலிருக்கிறது.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். நிலைமை எளிமையானது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும், கல்யாணம் நடந்துவிடும். நெட்டை சொல்ல மாட்டான், அவனுக்கு வாய் வராது. கணக்கு சொல்ல மாட்டாள். அம்மா சத்தியமாகச் சொல்ல மாட்டாள். அந்தப் பேச்சையும் நாளைக்குச் சுத்தமாகத் திரும்ப எடுத்துவிட்டால் அது வெறும் வசனம் ஆகிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அவன் குரல் கேட்காத நாள் எனக்கு நாளாகவே இருக்காது. எனக்கு அவனைத் தேடுகிறது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனபோது நெட்டை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். கையில் பிஸ்கட் பொட்டலம், எனக்கென்று வாங்கி வந்தது. "படம் எப்படி இருந்துச்சு?" என்று சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கணக்கு அவனிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. என்ன ஒரு நண்பர் கூட்டம்.

உள்ளே போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் எஞ்சினியர் அண்ணனும். "பழசை ஒரு தடவை போடறேன், அதே மாதிரி பேசுங்க," என்று அண்ணன் சொன்னார். சின்னத் திரையில் கேன்டீன் வந்தது. டம்ளர், நாற்காலி, அப்புறம் அவன் குரல்.

நெட்டையின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பிஸ்கட் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். என் சிரிப்பு வந்து முடிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"ரெடியா? போலாம்," என்றது ஸ்பீக்கர்.

நெட்டை பேசினான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன் மாதிரி பேசினான். டைரக்டர் இன்னொன்று கேட்டார். அடுத்தது அதைவிட மோசம், சினிமாக் கதாநாயகன் மாதிரி தழுதழுத்தான். "தம்பி, அன்னிக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க, போதும்," என்றார் டைரக்டர். மூன்றாவது தடவை கணக்கால் முடியவில்லை. "அவகிட்ட சொல்லு" என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும் பாவம்.

"அவ இடத்துல நான் நிக்கிறேண்ணா," என்றேன்.

"உங்க குரல் பெருசாச்சே."

"சின்னதாப் பேசறேன்."

மைக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நெட்டை. நடக்க வேண்டாம், நின்றே பேசலாம் என்று சொன்னார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னைப் பாருடா," என்றேன்.

பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. பேசியபோது அவன் குரல் முந்தின நாள் தியேட்டரில் கேட்ட மாதிரியே இருந்தது.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க அப்பாவே ஒத்துக்கிட்டாரு."

"அவளைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும். நல்லவ. ஆனா அவ இல்லாதப்போ எனக்குத் தேடல. தேடணும்னு நான் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். வரல."

அந்தக் கடைசி வரிகள் பழைய பேச்சில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் நிறுத்தவில்லை. இவ்வளவு நேரம் எனக்குள் ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான், நேரில் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று. சொல்லிவிட்டான். என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டான்.

"அவகிட்ட சொல்லிடு," என்றேன்.

"சொன்னா உடைஞ்சு போயிடுவா."

இப்போது நான் சொல்ல வேண்டியது, அப்போ கட்டிக்கோ, போகப் போகப் பழகிடும் என்பது. அதைச் சொல்லியிருந்தால் நெட்டை கட்டிக்கொண்டிருப்பான், எனக்குத் தெரியும். அவன் கண்ணிலேயே அது இருந்தது. நான் என்ன சொல்கிறேனோ அதைச் செய்துவிடத் தயாராக நின்றான். மண்டபம் இருக்கிறது, துணி இருக்கிறது, அம்மா இருக்கிறாள். வாய்வரை வந்தது.

"உடைய மாட்டா," என்றேன். "நீ சொல்லலன்னு தெரிஞ்சாத்தான் உடைவா. இந்தக் கல்யாணம் வேண்டாம். அவங்க அப்பாகிட்ட அவளே சொல்லிப்பா. நீ போ."

நெட்டை கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை. மைக் முன்னால் சத்தம் வராமல் இருக்க எங்களுக்கு நல்ல பழக்கம். சிவப்பு விளக்கு அணைந்தது.

"அருமைம்மா," என்றார் டைரக்டர். "கடைசி வரியை மாத்திட்டீங்க, பரவாயில்ல, இதுதான் சரி. படத்தையே இது வேற மாதிரி பண்ணிடுச்சு. இன்னொரு டேக் வேண்டாம்."

நான் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் இருட்டில் உட்கார்ந்து என் கல்யாணம் நின்றுபோனதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. கதவில் கை வைத்தேன்.

"ஒரு நிமிஷம்மா," என்றது ஸ்பீக்கர். "'உடைய மாட்டா'ன்னு சொன்னீங்கல்ல, அந்த இடத்துல உங்க குரல் போயிடுச்சு. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உங்களுக்கு வேணும்னா அதை மட்டும் மாத்தித் தரலாம். அப்படியே வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் அப்பாவுக்கு போன் போட்டேன்.